அம்மா ஒருவருக்காக ஒரு செயலி

அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் போன்ற பீங்கான் பொருள்களைச் செய்யும் பட்டறைகள் எங்கள் விருத்தாசலத்தில் நிறைய. அப்படி ஒரு பட்டறையில்தான் அம்மா அச்சு ஊற்றுகிறார். கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்; மண் உள்சுவரில் படியும். மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட்டு, சற்று இறுகியதும் பொம்மையை எடுத்துப் பலகையில் அடுக்கிக் காயவைக்க வேண்டும். பிறகுதான் சூளை.

கூலி உருப்படிக் கணக்கு. அன்றன்றைய எண்ணிக்கையை மாதக் காலண்டரின் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் குறித்துவைத்து, சனிக்கிழமை அம்மா கூட்டிப் பார்ப்பார். மென்பொருள் பொறியியல் படிக்கும் நான் எழுதிய முதல் செயலி அந்தக் கட்டங்களிலிருந்து வந்தது. அதைப் பயன்படுத்துவது அம்மா மட்டும்தான்.

செயலி என்றால் லட்சம் பேர் தரவிறக்க வேண்டும், முதலீடு வர வேண்டும் என்றே மாணவர்கள் பலர் நினைக்கிறோம். ஒருவருடைய வேலை சுலபமாவதே ஒரு செயலிக்குப் போதுமான காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

“பாப்பா, கையெல்லாம் மண்ணா இருக்கு, எழுத்து எழுத்தா எப்படித் தட்டுறது?” என்று அம்மா கேட்டார். அதனால் என் செயலியில் தட்டச்சே இல்லை. விளக்கு, பொம்மை, கேரியர் என்று படத்தோடு பெரிய பொத்தான்கள். ஒருமுறை தொட்டால் ஒரு பலகை உருப்படி கணக்கில் ஏறும். கடவுச்சொல்லும் கிடையாது.

கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. கூலி விகிதத்தை ஒரே இடத்தில் வைத்து மொத்த எண்ணிக்கையோடு பெருக்கினால், கூலி உயர்ந்த அன்று போன மாதக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு பதிவோடும் அன்றைய விகிதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். கடை பில்லில் அன்றைய விலை அச்சாகி நின்றுவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பதிவுகள் இருப்பது எஸ்கியூலைட் தரவுத்தளத்தில். அமெரிக்கர் ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட இந்த மென்பொருள் இலவசம். தனி சர்வர் வேண்டாம், எல்லாம் கைபேசிக்குள் ஒரே கோப்பாக அடங்கும். ஆண்ட்ராய்டில் இணையத்தைத் தொட வேண்டுமானால் செயலி அதற்கான அனுமதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நான் அறிவிக்கவில்லை. எனவே அம்மாவின் வருமானக் கணக்கைச் செயலி இணையத்தில் எங்கும் அனுப்ப முடியாது. கைபேசி தொலைந்தால் கணக்கும் போய்விடும் என்பதால், கோப்பின் நகல் ஒன்றை என் மடிக்கணினியில் வைத்துக்கொள்கிறேன்.

செலவு? ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இலவசம். கைபேசி அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் வசதிகள் திறக்கும். யுஎஸ்பி கேபிள் வழியாகச் செயலியை நேரே ஏற்றிவிடலாம். பிளே ஸ்டோரில் வெளியிடத்தான் ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். 2023 நவம்பர் நடுவிலிருந்து தொடங்கிய தனிநபர் கணக்கென்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்கவும் வேண்டும். அம்மா ஒருவருக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. ஐபோனில் இலவசக் கணக்கில் ஏற்றிய செயலி ஏழு நாளில் காலாவதியாகும். ஆண்டுக்கு 99 டாலர் கட்டினால்தான் நீடிக்கும்.

தேவைக்கு அருகில் இருப்பவர் கண்ணுக்கே அது முதலில் படும். பெரும்பாலான கைபேசிகளில் தமிழில் குறுஞ்செய்தி எழுத வழியில்லாத காலத்தில் செல்லினம் என்ற செயலியை உருவாக்கியவர் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். 2005 பொங்கலையொட்டி அது சிங்கப்பூரில் அறிமுகமானது.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் தொடங்கலாம். கூகுள் 2010இல் கொண்டுவந்து, இப்போது எம்ஐடி நடத்தும் ஆப் இன்வென்டரில் கட்டைகளை இழுத்துப் பொருத்தினாலே எளிய செயலி உருவாகும். பால் கணக்கு, சீட்டுப் பணம், தாத்தாவின் மாத்திரை நேரம் என்று வீட்டில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு கணக்கைச் சிரமப்பட்டுக் குறித்துக்கொண்டிருப்பார். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதைக் கவனியுங்கள், பிறகு எழுதுங்கள். எந்தப் பொத்தானில் அவர் விரல் தயங்குகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்து, அன்றிரவே திருத்திவிடலாம். லட்சம் பேருக்கு எழுதுகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு எளிதில் கிடைக்காது.