மூடிய காருக்குள் மரணம்: யார் பொறுப்பு?

வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் நாய்கள், தங்களைக் காக்க வேண்டியவர்களின் வண்டியிலேயே வெப்பத்தில் சாகின்றன. வெளியார் கொன்றால் சிறை. காக்கிச் சட்டைக்காரர் மறதியால் கொன்றால்?

2009 ஜூன் 30. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷைர் போலீஸ் தலைமையகம். அன்றைய வெயில் 29 டிகிரி செல்சியஸ். நாக்பூரிலோ வேலூரிலோ இருப்பவர்கள் இதை வெயிலென்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் தலைமையக வளாகத்தில் நின்றிருந்த ஒரு காருக்குள் ஜே-ஜே, ஜெட் என்ற இரண்டு ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்கள் இருந்தன. வேலைக்கு வந்த காவலர் அவற்றை இறக்கிவிடவில்லை. கண்ணாடிகள் மூடிய அந்தக் காரிலேயே இரண்டும் உயிரை விட்டன.

அந்தக் காவலர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். கடும் மனச்சோர்வால் அவதிப்பட்டவர் என்று அவர் தரப்பில் வாதிடப்பட்டது. 2010 பிப்ரவரியில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை? ஆறு மாத காலத்துக்கு நன்னடத்தை நிபந்தனையுடன் விடுதலை, வழக்குச் செலவாக 2,500 பவுண்டு. 'இவ்வளவுதானா?' என்றனர் பிராணி ஆர்வலர்கள். 'ஏற்கனவே உடைந்துபோன மனிதனை இன்னும் எவ்வளவு தண்டிப்பது?' என்று கேட்டவர்களும் உண்டு.

இரண்டு கேள்விகளிலும் நியாயம் இருக்கிறது. விவகாரத்தின் சிக்கலும் அதுதான். நாட்டிங்ஹாம் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகூட முடியவில்லை. 2011 ஜூனில் லண்டன் மாநகர போலீசின் கெஸ்டன் நாய்ப் பயிற்சி மையத்தில் அதே கதை. ஒரு காரில் விடப்பட்ட இரண்டு நாய்கள் வெப்பத்தில் இறந்தன. அவற்றுக்குப் பொறுப்பாக இருந்த சார்ஜென்ட்டுக்கும் நிபந்தனை விடுதலைதான். கூடவே மூன்று ஆண்டுகளுக்கு நாய்களைப் பொறுப்பில் வைத்துக்கொள்ளத் தடை.

அரை மணி நேரம் போதும்

"கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கித்தானே விட்டேன்" என்பது இத்தகைய சமயங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். அது எடுபடாது என்பதை 2005ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெளியே 22 முதல் 36 டிகிரி வரை இருந்த நாட்களில் வெயிலில் நிறுத்திய காரை அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பெரிய மாற்றமில்லை. ஆக, வெளியே இதமான 25 டிகிரி இருந்தாலும் உள்ளே அடுப்புதான்.

மனிதனுக்கு உடல் முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பெரும்பாலும் பாதங்களில்தான் வியர்வைச் சுரப்பிகள். நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அது உடம்பைக் குளிர்விக்கும் வழி. சுற்றியுள்ள காற்றே கொதிக்கும்போது இரைப்பதால் பயனில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38லிருந்து 39 டிகிரி. அது 41ஐத் தாண்டினால் ஆபத்து. உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். வேலைக்காக வளர்க்கப்படும் பெல்ஜியன் மாலினாய் போன்ற துடிப்பான நாய்கள் அடைபட்ட இடத்தில் பதற்றமாகித் தவித்தால் வெப்பம் இன்னும் வேகமாக ஏறும்.

கைது செய்தவரே நஷ்டஈடு தந்த கதை

அமெரிக்காவில் நிலைமை சற்று வேறு. அங்கே போலீஸ் நாய் பெரும்பாலும் 'ஹேண்ட்லர்' எனப்படும் தன் காவலரின் வீட்டிலேயே வளர்கிறது. பணி நேரத்தில் ரோந்து வண்டியே அதன் கூண்டு. ஏ.சி.யை ஓடவிட்டு, இன்ஜினை அணைக்காமல் நாயை வண்டியிலேயே விட்டுச் செல்வது அன்றாட நடைமுறை. இன்ஜின் நின்றாலோ, காவலர் மறந்தாலோ கதை முடிந்தது.

2007 ஆகஸ்ட் 11. அரிசோனா மாநிலத்தின் சாண்ட்லர் நகரம். பாலைவனக் கோடை. பேண்டிட் என்ற ஐந்து வயது நாயை ரோந்து வண்டியில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போன சார்ஜென்ட், ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்தே அதைக் கண்டார். தொடர்ந்து பல மணி நேரம் பணி பார்த்த அசதியில் மறந்துவிட்டதாக அவர் தரப்பு சொன்னது. விசாரணையைக் கையில் எடுத்தது மரிகோப்பா கவுன்ட்டி ஷெரிஃப் ஜோ அர்பயோவின் அலுவலகம். விளம்பரப் பிரியர் என்று பெயர் எடுத்தவர் அர்பயோ. சார்ஜென்ட் கைது செய்யப்பட்டார்.

ஆனால் 2008ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதோடு நிற்கவில்லை. தன்னைக் கைது செய்தது தவறு என்று அவர் தொடுத்த வழக்கில், கடைசியில் கவுன்ட்டி நிர்வாகம் நஷ்டஈடு கொடுத்து சமரசம் செய்துகொண்டது. நாய் போனது, காவலரின் நிம்மதி போனது, மக்களின் வரிப்பணமும் போனது. ஒரு மனிதரை இத்தனை மணி நேரம் வேலை வாங்கி, நாயையும் அவர் பொறுப்பில் விட்டது யார் என்ற கேள்வி மட்டும் குற்றப்பத்திரிகையில் இடம் பெறவே இல்லை.

இதற்கு நேர்மாறாக இன்னொரு சட்டம். 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மத்திய சட்டப்படி, மத்திய அரசின் போலீஸ் நாயையோ குதிரையையோ தீய நோக்கத்துடன் கொல்பவருக்கு 10 ஆண்டு வரை சிறை. பிரிட்டனில் 2016ல் ஃபின் என்ற போலீஸ் நாய் கத்தியால் குத்தப்பட்டு உயிர் பிழைத்தது. அது எழுப்பிய கொதிப்பில் 2019ல் தனிச் சட்டமே வந்தது. கத்தியோடு வந்தவனுக்குச் சட்டத்தில் தெளிவான இடம் இருக்கிறது. பூட்டிய காருக்கு அந்தத் தெளிவு இல்லை. கொல்லும் எண்ணம் வேறு, மறதி வேறு என்பது உண்மைதான். ஆனால் செத்த நாய்க்கு அந்த வேறுபாடு தெரியாது.

கருவியும் கைவிடும்

மறதிக்கு மாற்றாகக் கருவிகள் வந்துவிட்டன. வண்டிக்குள் வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கண்ணாடி தானே இறங்கும். விசிறி சுழலும். ஹாரன் அலறும். காவலருக்குத் தகவல் போகும். அமெரிக்கப் போலீஸ் வண்டிகள் பலவற்றில் இது பொருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் 2024 ஜூனில் ஹூஸ்டன் நகரில் ஆரன் என்ற நான்கு வயது நாய் இறந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த வண்டியின் இன்ஜின் எதிர்பாராமல் நின்றுபோனது. எச்சரிக்க வேண்டிய கருவியும் கைகொடுக்கவில்லை. இங்கே குற்றவாளி யார்? காவலரா, கருவியை விற்ற கம்பெனியா, அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய துறையா?

பிரிட்டன் இன்னொரு வழியையும் கண்டது. 1997ல் எஸ்ஸெக்ஸ் போலீசில் பயிற்சியின்போது ஏஸர் என்ற நாய் உதைபட்டு இறந்தது. பயிற்சியாளர்கள் தண்டிக்கப்பட்டனர். அதன் பிறகுதான் பொதுமக்களில் இருந்து தன்னார்வலர்கள் முன்னறிவிப்பின்றிப் போய் நாய்களையும் கூண்டுகளையும் வண்டிகளையும் பார்வையிடும் ஏற்பாடு பிறந்தது. துறைக்கு வெளியே உள்ள ஒரு ஜோடிக் கண்கள் பார்க்கின்றன என்ற நினைப்பே பாதி காவல்.

நம் நாட்டில்

1993ல் குண்டுவெடிப்பில் குலுங்கிய மும்பையில் 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தை மோப்பம் பிடித்துத் தந்தது ஸஞ்சீர் என்ற லேப்ரடார். 2000ல் அது இறந்தபோது முழு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். குவாலியர் அருகே டேகன்பூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் பல மாநிலப் போலீசுக்கும் நாய்களைத் தயார் செய்து அனுப்புகிறது. திருவிழா, தலைவர் வருகை, ரயில் நிலையம் என்று அவற்றுக்கு ஓயாத வேலை. வெயிலில் வேனிலும் ஜீப்பிலும் காத்திருப்பதும் அந்த வேலையில் சேர்த்திதான்.

அப்படிக் காத்திருக்கும் ஒரு நாய் இறந்தால் சட்டம் என்ன செய்யும்? கையில் இருப்பது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆறு தசாப்தங்களுக்கு முன் நிர்ணயித்த தொகை. ஒரு டீயும் வடையும் வாங்கலாம். அதுவும் சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடர்ந்தாக வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு பிராணியைக் கொல்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் கேடு விளைவிக்கும் எண்ணமோ, கேடு விளையும் என்ற அறிதலோ நிரூபிக்கப்பட வேண்டும். மறதியை அதற்குள் அடக்க முடியாது.

ஆனாலும் அந்தப் பழைய சட்டத்தில் ஒரு கூர்மை மறைந்திருக்கிறது. 'உரிமையாளர்' என்பதற்கு அது தரும் விளக்கத்தில், பிராணியை அப்போது தன் பொறுப்பில் வைத்திருப்பவரும் அடக்கம். நியாயமான கவனமும் மேற்பார்வையும் காட்டத் தவறிய உரிமையாளரும் குற்றம் செய்தவராகவே கருதப்படுவார் என்கிறது 11ஆம் பிரிவு. போலீஸ் நாய் அரசின் சொத்து. ஆக, கயிற்றைப் பிடித்த காவலரோடு கேள்வி நிற்க வேண்டியதில்லை. வண்டியில் ஏ.சி. இல்லாமல் அனுப்பியவர், இரட்டைப் பணி போட்டவர், எத்தனை மணி நேரம் நாய் வண்டியில் இருக்கலாம் என்று விதி எழுதாதவர் வரை அது நீள முடியும்.

நீட்டுவது யார் என்பதுதான் பிரச்சினை. 2016 மார்ச்சில் டேராடூனில் ஆர்ப்பாட்டத்தின்போது கால் முறிந்து, அடுத்த மாதம் இறந்த போலீஸ் குதிரை சக்திமானை நாடே அறியும். அதில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கைதானார். 2021ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்தச் சம்பவம் நடுத்தெருவில், கேமராக்களின் முன் நடந்தது. போலீஸ் வண்டிக்குள் நடப்பதற்குக் கேமராவும் இல்லை, சாட்சியும் இல்லை. புகார் எழுத வேண்டியதும் அதே ஸ்டேஷன்தான்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. பணியில் இறக்கும் ஒவ்வொரு நாய்க்கும் துறை சாராத கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை. விசாரணை வேறு மாவட்ட அதிகாரியிடம். வண்டியில் வெப்ப எச்சரிக்கைக் கருவி, அதை வேலைக்குக் கிளம்பும் முன் சோதித்ததற்கு ஒரு கையெழுத்து. பன்னிரண்டு மணி நேரம் உழைத்த காவலர் வீடு திரும்பும்போது 'நாயை இறக்கியாச்சா?' என்று கேட்க இன்னொருவர்.

இறந்த நாய்க்கு மலர்வளையம் வைத்து மரியாதை செலுத்தும் வழக்கம் நம் காவல்துறையில் இருக்கிறது. நல்ல வழக்கம். அந்த மலர்வளையத்தோடு, அது எப்படி இறந்தது என்ற அறிக்கையையும் வெளியிட்டால், அடுத்த கோடையில் வைக்க வேண்டிய வளையங்கள் குறையும்.