ஐ.டி. வேலையா, குரூப் 4 வேலையா? கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்!

செம்பாக்கத்தில் வேளச்சேரி - தாம்பரம் சாலையில் நின்றால் இரண்டு திசையிலும் வேலை இருக்கிறது. ஒரு பக்கம் மேடவாக்கம் வழியாகப் போனால் சோழிங்கநல்லூர், ஓ.எம்.ஆர்., ஐ.டி. நிறுவனங்கள். மறுபக்கம் தாம்பரம் ரயில் நிலையம். அங்கே ரயில் ஏறினால் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கும் போகலாம், கோட்டைக்கும் போகலாம்.

பட்டம் வாங்கிய பிள்ளை உள்ள வீடுகளில் இதுதான் இப்போதைய பஞ்சாயத்து. "கிடைச்ச கம்பெனியில சேரு" என்பது ஒரு கட்சி. "ஒரு வருஷம் உட்கார்ந்து படிச்சா கவர்மென்ட் வேலை" என்பது எதிர்க்கட்சி. எந்தக் கணக்கு சரி?

முதல் மாதச் சம்பளம்

குரூப் 4 மூலம் சேரும் இளநிலை உதவியாளருக்கு ஊதிய விகிதம் ரூ.19,500 - 71,900. ஆரம்ப அடிப்படைச் சம்பளமான 19,500 உடன், 2025 ஜனவரி நிலவரப்படி 55% அகவிலைப்படி சேர்த்தால் ரூ.30,225. வீட்டு வாடகைப்படி போன்றவை தனி. ஓய்வூதியப் பங்களிப்பாக 10% பிடிப்பார்கள்.

டி.சி.எஸ். நிறுவனத்தில் இன்ஜினீயரிங் முடித்த புதியவர்களுக்கான 'நின்ஜா' பிரிவில் ஆண்டுக்குச் சுமார் ரூ.3.36 லட்சம். மாதத்துக்கு 28,000. ஆனால், இது 'சி.டி.சி.' கணக்கு. நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும் இதற்குள்ளேயே இருப்பதால், கைக்கு வருவது இன்னும் குறைவு.

ஆக, முதல் மாதத்தில் அரசு வேலைதான் ஒரு படி மேலே!

பத்து வருஷம் கழித்து?

இங்கேதான் கணக்கு மாறுகிறது. அரசு வேலையில் ஆண்டு ஊதிய உயர்வு 3%. பத்து ஆண்டில் அடிப்படைச் சம்பளம் 26,200 ஆகும். அகவிலைப்படி உயர்வும் பதவி உயர்வும் கூட வரும்.

ஐ.டி.யில் திறமைக்கு ஏற்பத் தாவலாம். அதே டி.சி.எஸ்.ஸில் 'டிஜிட்டல்' பிரிவில் தேர்வாகும் புதியவருக்குச் சுமார் 7 லட்சம், 'பிரைம்' பிரிவில் 9 லட்சத்துக்கும் மேல். ஒரே கல்லூரி, ஒரே பட்டம். கோடிங் திறமையில்தான் இவ்வளவு வித்தியாசம். ஆனால், படிப்பதை நிறுத்தினால் சம்பளமும் அங்கேயே நின்றுவிடும்.

கிடைக்குமா? நிலைக்குமா?

2025 குரூப் 4 அறிவிப்பில் 3,935 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 13.9 லட்சம். இடங்கள் பின்னர் கூட்டப்பட்டாலும், அறிவிப்பின்படி ஓர் இடத்துக்கு 350 பேருக்கு மேல் போட்டி. தமிழ்ப் பகுதியில் 40% எடுக்காவிட்டால் மற்ற பகுதி மதிப்பெண் கணக்கிலேயே வராது. தேறிவிட்டால் 60 வயது வரை கவலையில்லை. ஆனால், தரவரிசையைப் பொறுத்துத் தமிழகத்தின் எந்த மூலையிலும் பணியிடம் கிடைக்கலாம்.

ஐ.டி.யில் நுழைவது ஒப்பீட்டளவில் எளிது, நிலைப்பதுதான் சவால். 2025 ஜூலையில், உலகம் முழுவதும் தன் ஊழியர்களில் 2%, அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக டி.சி.எஸ். அறிவித்தது. நடுத்தர, உயர் நிலையில் இருப்பவர்களுக்கே அதில் பாதிப்பு அதிகம் என்றது நிறுவனம். வீட்டுக்கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் வயது அது.

பெண்களுக்கு...

தமிழக அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதங்கள், முழுச் சம்பளத்துடன். தனியார் துறையில் சட்டப்படி 26 வாரங்கள். இரண்டுமே முதல் இரண்டு குழந்தைகளுக்கு.

காத்திருப்பதற்கும் விலை உண்டு

பலரும் கணக்கில் சேர்க்க மறப்பது இதைத்தான். வேலைக்குப் போகாமல் இரண்டு வருடம் தேர்வுக்குப் படித்தால், விட்டுக்கொடுப்பது சுமார் 6.7 லட்சம் ரூபாய் வருமானம். கோச்சிங் கட்டணம், ஹாஸ்டல் செலவு தனி. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவசப் பயிற்சி கிடைப்பதால், கட்டணத்தையாவது மிச்சப்படுத்தலாம்.

எனவே, பிள்ளையுடன் உட்கார்ந்து மூன்று விஷயங்களை முன்கூட்டியே பேசி முடிவுசெய்யுங்கள்:

- எத்தனை முறை தேர்வு எழுதுவது?
- அதுவரை வீட்டுச் செலவைத் தாங்குவது யார்?
- கிடைக்காவிட்டால் அடுத்து என்ன?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில், வேலையில் சேர்ந்துகொண்டே படிப்பதுதான் பாதுகாப்பு. தேர்வு அடுத்த வருடமும் வரும். கையில் இருக்கும் ஆஃபர் லெட்டர் அதுவரை காத்திருக்காது!