மாணவர் கையில் படக்கருவி

விடுமுறை பிறந்தால் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியும் பெற்றோருக்குக் கவலையும் ஒருங்கே பிறக்கின்றன. தவணை நாள்களில் புத்தகத்தோடு கட்டுண்டிருந்த பிள்ளை, விடுமுறை வந்ததும் கைத்தொலைபேசியோடு கட்டுண்டுவிடுகின்றான். லயத்து வாசற்படியிலும் கடைத்தெருவிலும் பேருந்துத் தரிப்பிடத்திலும் குனிந்த தலை நிமிராது அச்சிறு திரையையே நோக்கியிருக்கும் இளைஞரைப் பூண்டுலோயாவிலும் காணலாம். உலகின் எந்த ஊரிலும் காணலாம். அக்கருவியைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதே தக்க பரிகாரம் என்பர் சிலர். அதனையே கல்விக்குரிய கருவியாக்கலாம் என்பது நம் கருத்து.

மேல்நாடுகளில் கோடை விடுமுறையின்போது மாணவர்க்குக் குறும்படம் எடுக்கக் கற்பிக்கும் வகுப்புகள் பல நடைபெறுகின்றன. சில வாரங்களுக்குள் மாணவன் கதை எழுதுகின்றான், காட்சியைப் படமாக்குகின்றான், துண்டுகளை இணைக்கின்றான், ஈற்றில் பெற்றோர் முன்னிலையில் தன் படத்தைத் திரையிடுகின்றான். நமது மலைநாட்டிலே கோடை என்று தனித்துச் சொல்லத்தக்க பருவம் இல்லை. ஆயினும் விடுமுறை உண்டு, கைத்தொலைபேசி உண்டு, படமாக்கத்தக்க வாழ்வோ வேண்டிய மட்டும் உண்டு. இங்கு அத்தகைய வகுப்பொன்று நடைபெற்றால் நம் மாணவன் எதனைக் கற்பான்? அதனைச் சற்று ஆராய்வோம்.

ஒரு நிமிடப் படம்

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் நிழற்படத் தகடுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றினை நடத்தி வந்தவர்கள் லூமியர் குடும்பத்தினர். அக்குடும்பத்துச் சகோதரர்களான ஒகுஸ்த், லூயி என்னும் இருவரும் 1895 ஆம் ஆண்டிலே தம் தொழிற்சாலை வாயிலுக்கு எதிரே படக்கருவியை நிறுத்தி, வேலை முடிந்து வெளியேறும் தொழிலாளரைப் படம் பிடித்தனர். அவ்வாண்டு டிசெம்பர் 28 ஆம் திகதி பரிஸ் நகரில் கட்டணம் செலுத்தி வந்தோர்க்குக் காட்டப்பட்ட பத்துப் படங்களுள் இதுவே முதலாவது. படச்சுருளின் நீளம் ஏறத்தாழ 17 மீற்றர். ஓடும் நேரம் ஒரு நிமிடத்திற்கும் குறைவு. ஒலியில்லை, நிறமில்லை, கருவி நின்ற இடத்தை விட்டு அசைவதுமில்லை. நீண்ட பாவாடை அணிந்த பெண்களும், துவிச்சக்கரவண்டி உருட்டும் ஆடவரும், குறுக்கே ஓடும் நாயொன்றும் அவ்வளவு நேரத்துக்குள் நம் கண்முன் தோன்றி மறைகின்றனர்.

இன்றும் மாணவர்க்கு முதற்பாடமாக இதனையே கற்பிக்கும் ஆசிரியர் உளர். பரிஸிலுள்ள பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகம் 1995 ஆம் ஆண்டு முதல் பாடசாலைகளோடு இணைந்து நடத்திவரும் கல்வித் திட்டத்தில் 'லூமியர் நிமிடம்' என்றொரு பயிற்சி உண்டு. கருவியை ஓரிடத்தில் நிறுத்துக. ஒரு நிமிடம் மட்டும் எடுக்க. நடுவில் வெட்டுதல் ஆகாது. விதிகள் இவ்வளவே.

கேட்பதற்கு எளிது. செய்யப் புகுந்த மாணவனுக்குத்தான் அதன் கடினம் விளங்கும். கருவியை எங்கே நிறுத்துவது? எந்தக் கணத்தில் தொடங்குவது? கொழுந்து மடுவத்தில் மாலைநேர நிறுவையைப் படமாக்க ஒரு மாணவன் விரும்பினான் என்று கொள்வோம். அருகில் நின்றால் கூடை மட்டும் தெரியும், முகம் தெரியாது. தொலைவில் நின்றால் கூட்டம் தெரியும், ஆள் தெரியாது. இடம் தேடி அலைந்து, ஈற்றில் தராசின் பின்புறமாக நின்று அவன் எடுக்கின்றான். வீட்டுக்கு வந்து அந்த ஒரு நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான், வரிசையில் நிற்கும் பெண்கள் யாவருடைய கண்களும் தராசின் மேலேயே நிலைத்திருப்பதனை அவன் காண்கின்றான். நாள் முழுதும் மலையேறி இறங்கிய உழைப்பு எத்தனை கிலோ என்று அங்கே தீர்மானமாகின்றது; தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் கழிக்கப்படுவது போக எஞ்சுவதே கணக்கில் ஏறுகின்றது. பிறந்தது முதல் அவன் அந்த மடுவத்தைக் கடந்து சென்றிருக்கின்றான். அக்கண்களை அன்றுதான் கண்டான். குறும்பட வகுப்பின் முதற்பயன் இதுவே.

கருவி யார் கையில் இருந்தது?

முன்னர்க் கூறிய முதற்படத்தில் மற்றொன்றும் கவனித்தற்குரியது. படக்கருவி முதலாளியின் கையில் இருந்தது. தொழிலாளர் அதன் முன்னே நடந்தனர். நமது மலைநாட்டின் கதையும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது.

1934 ஆம் ஆண்டில் 'சோங் ஒவ் சிலோன்' என்னும் புகழ்பெற்ற விவரணப்படத்தைப் பசில் ரைட் என்ற ஆங்கிலேயர் இயக்கினார். அதற்கு ஆதரவளித்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. கலையழகில் அது உயர்ந்த படம் என்பதில் ஐயமில்லை. எனினும், தேயிலையின் பொருட்டு எடுக்கப்பட்ட அப்படத்தில் தேயிலையை வளர்த்த தமிழ்த் தொழிலாளரின் வாழ்வுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. அஞ்சலட்டைகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் கூடை சுமந்து புன்னகைக்கும் பெண்ணை உலகம் அறியும். அவள் பெயரை அறியாது. அவள் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியதனையும், பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டுவிட்டு மலைக்கு விரைந்ததனையும் அறியாது.

இந்நிலையை மாற்ற முயன்றோர் இருந்தனர். தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975 ஆம் ஆண்டில் 'புதிய காற்று' என்னும் படத்தைத் தயாரித்துத் தாமே நடித்தார். மலையகத்தின் பெயர்பெற்ற எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அதற்குக் கதை வசனம் எழுதினார். முழுநீளப் படம் எடுப்பதற்குப் பெரும் பொருளும் பலருடைய துணையும் வேண்டும். அவ்வாய்ப்பு அன்று வெகு சிலர்க்கே கிட்டியது. இன்றோ கொழுந்தெடுக்கும் தாயின் மகள் கையிலேயே படக்கருவி இருக்கின்றது. நூறாண்டுக்கு மேலாகக் கருவியின் முன்னால் நின்ற குடும்பத்தில் ஒருத்தி, முதன்முதலாகக் கருவியின் பின்னால் வந்து நிற்கின்றாள். இதனைச் சிறிய மாற்றம் என்று கருதலாமா?

அம்மாற்றத்திலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. மலையிலிருந்து இறங்கும் தாயை மகள் படமெடுக்க முற்பட்டால், "ஏம்மா, இந்தக் கோலத்திலயா படம் புடிக்கப் போற? கொஞ்சம் இரு, நல்ல சீலை உடுத்திக்கிட்டு வாறேன்" என்பதே தாயின் முதற்சொல்லாக இருக்கும். இடுப்பிற் கட்டிய படங்கும் மழையில் நனைந்த தலைத்துணியும் படத்துக்கு ஆகா என்று அவர் எண்ணுகின்றார். அந்தக் கோலத்தில் நாணுதற்கு ஏதுமில்லை என்று தாய்க்கு எடுத்துரைக்கும் பொறுப்பு மகளுக்கு வருகின்றது. அதனைச் சொல்லுமுன் அவள் தானே அதனை நம்புதல் வேண்டும். வகுப்பில் ஆசிரியர் கற்பிக்கவியலாத பாடம் இது.

மழை பெய்வித்த மனிதர்

ஹற்றனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கு இறங்குவோர் கித்துல்கலையைக் கடந்தே செல்வர். அங்கு களனி ஆற்றின் மீது மரப்பாலம் ஒன்று கட்டி, 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்தை டேவிட் லீன் என்பவர் எடுத்தார். அப்படம் 1957 இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

அந்நாள்களில், மட்டக்களப்பைச் சேர்ந்த மாணவர் ஒருவர் பாடசாலைச் சுற்றுலாவாகக் கண்டிப் பக்கம் வந்தபோது அப்படப்பிடிப்பைக் காண நேர்ந்தது. இயக்குநர் "மழை" என்று ஆணையிட்டார்; உடனே மழை பெய்தது! அது செயற்கை மழைதான். ஆயினும் அதனைக் கண்டு வியந்த மாணவர், தாமும் ஒருநாள் இவ்வாறு ஆணையிட வேண்டும் என்று உள்ளத்தில் உறுதி கொண்டார். அவரே பின்னாளில் பாலு மகேந்திரா எனப் புகழ்பெற்றவர். பூனாத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969 இல் தங்கப் பதக்கத்துடன் வெளியேறினார். அங்கு மாணவராக அவர் எடுத்த தேர்வுப் படத்தைப் பார்த்தே மலையாள இயக்குநர் ராமு காரியட் தமது 'நெல்லு' படத்துக்கு அவரை ஒளிப்பதிவாளராக்கினார். 'வீடு', 'சந்தியா ராகம்' முதலிய படங்களில் எளிய மனிதரின் வாழ்வை இயற்கை ஒளியில் அவர் வடித்த திறம் நாடறிந்தது.

அவர் தம் மாணவர்க்கும் உதவியாளர்க்கும் கற்பித்த முறை நம் வகுப்புக்கு மிகவும் வேண்டற்பாலது. சிறுகதைகளை வாசிக்கச் செய்தார். வாசித்த கதையைச் சுருக்கி எழுதச் செய்தார். இன்று பெயர்பெற்று விளங்கும் இயக்குநர் வெற்றிமாறன் அவரிடம் பெற்ற பயிற்சி இத்தகையதே. தமிழ்ச் சிறுகதைகளைச் சிறு படங்களாக்கிக் 'கதை நேரம்' என்ற பெயரில் தொலைக்காட்சியில் வழங்கிய பாலு மகேந்திரா, 2007 இல் சென்னையில் 'சினிமா பட்டறை' என்னும் பயிற்சிக்கூடத்தையும் தொடங்கினார். படமெடுக்கப் போகும் மாணவன் முதலில் வாசிகசாலைக்குச் செல்ல வேண்டும் என்று இதனால் அறிகின்றோம்.

பொருளில்லை என்னும் கவலை வேண்டா

நல்ல கருவி இல்லையே, விளக்கு இல்லையே என்று மனம் சோரும் மாணவர்க்கு இரு செய்திகள் கூறுவோம்.

ருஷ்யப் புரட்சிக்குப் பின்னர் அந்நாட்டில் படச்சுருளுக்குக் கடும் பஞ்சம் நிலவிற்று. அக்காலத்தில் மொஸ்கோத் திரைப்படப் பாடசாலையில் ஆசிரியராயிருந்த லெவ் குலெஷோவ், தம் மாணவரைக் கொண்டு 'படச்சுருள் இல்லாத படங்கள்' தயாரித்தார். கருவியில் சுருள் இருப்பது போலவே எண்ணி, ஒவ்வொரு காட்சியையும் வகுத்து மேடையில் நடித்துப் பயின்றனர். ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு இணைத்தால் பார்ப்போர் அம்முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் காண்பர் என்னும் உண்மையை அவர் விளக்கிய சோதனை உலகப் புகழ் பெற்றது. முதலிற் சோற்றுப் பானை, அடுத்துப் பிள்ளையின் முகம். முதலில் நின்றுபோன பேருந்து, அடுத்து அதே முகம். இதனைக் கைத்தொலைபேசியில் எவரும் ஒரு மாலைப்பொழுதில் செய்து பார்க்கலாம்.

மற்றையது ஈரான் நாட்டுச் செய்தி. 1997 இல் கான் விழாவின் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்ட அப்பாஸ் கியரொஸ்தமியின் முதற்படம் 1970 இல் எடுத்த 'ரொட்டியும் சந்தும்'. கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவனைச் சந்தில் ஒரு நாய் மறிக்கின்றது. அஞ்சி நின்ற சிறுவன், ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து எறிகின்றான். நாய் நட்பாகிப் பின்தொடர்கின்றது. கதை ஏறக்குறைய இவ்வளவே. கடைக்குப் போன பிள்ளையும் வழியில் நாயும் நமது லயங்களில் இல்லாதவையா?

உற்று நோக்கும் கண்

முதன்முதற் படமெடுக்கும் மாணவன் டன்சினன் நீர்வீழ்ச்சியையும் மலைமேல் தவழும் மூடுபனியையும் நாடிச் செல்வான். அழகியவைதாம்; ஆனால் சுற்றுலாப் பயணியும் அவற்றையே எடுத்துச் செல்கின்றான். இவ்வூரில் வாழ்பவன் மட்டும் காணக்கூடியது யாது என்பதே கேள்வி.

எர்னஸ்ட் கிரீன் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதே பூண்டுலோயாவில் வாழ்ந்தார். செடிகளின் இலையிலும் தண்டிலும் ஒட்டிக்கிடக்கும், கண்ணுக்குச் செதில் போலத் தோன்றும் நுண்ணிய பூச்சிகளை அவர் ஆராய்ந்தார். அவற்றைப் பற்றி 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாகப் படங்களுடன் நூல் வெளியிட்டார். அறிவியல் ஏடுகளில் பூச்சிகள் பலவற்றின் பிறப்பிடமாக இன்றும் 'பூண்டுலோயா' என்னும் பெயர் காணப்படுகின்றது. இலையின் அடிப்புறத்தை அத்தனை கூர்ந்து நோக்கினார் அவர். அந்த இலையைக் கிள்ளிய விரல்களை அதே கூர்மையுடன் நோக்குவது நம் மாணவர் பணியாகும். சாயம் படிந்து வெடித்த விரல்நுனியும், மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு காய்ச்சும் முதியவரின் கைகளும், கவ்வாத்துக் கத்தியைத் தீட்டும் தந்தையின் தோளும் படமாதல் வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

"இதனால் பரீட்சையில் புள்ளி கிடைக்குமா?" என்று பெற்றோர் வினவுவர். தொடர்பாடலும் ஊடகக் கல்வியும் இன்று நம் நாட்டுப் பாடசாலைகளில் பரீட்சைக்குரிய பாடமாகவே உள்ளன. அது ஒருபுறமிருக்க, நாலு பேரோடு கூடி உழைக்கவும், பிழைத்த காட்சியைச் சினங்கொள்ளாது மீண்டும் எடுக்கவும், நூறு சொல்லிற் சொல்வதைப் பத்துச் சொல்லிற் சொல்லவும் பழகிய மாணவன் எத்துறையிலும் பின்னடைய மாட்டான்.

ஆசிரியர்கள் சில கட்டுப்பாடுகளை வகுத்தல் நலம். எவரையும் அனுமதியின்றிப் படமெடுத்தல் ஆகாது; வறுமையைக் காட்டி இரக்கம் தேடுதலும், பெரியோரை நகைப்பிற்கிடமாக்குதலும் ஆகா. மாணவியரின் படங்களை இணையத்தில் பரப்புதல் கூடாது. அருவியின் வழுக்குப் பாறைக்கும் புகைவண்டிப் பாதைக்கும் பிள்ளைகளைத் தனியே அனுப்பலாகாது.

ஈற்றில் ஒரு மாலையில், கோயில் முன்றிலிலோ பாடசாலை மண்டபத்திலோ வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, படங்களை ஊரார்க்குத் திரையிடுங்கள். படத்தில் தோன்றிய தாய்மாரை முன்வரிசையில் அமர்த்துங்கள். தம் முகத்தைத் தம் பிள்ளை எவ்வாறு கண்டான் என்பதை அவர்கள் காணட்டும். வரும் விடுமுறையிலேயே இதனைத் தொடங்கலாம். ஒரு கைத்தொலைபேசியும் ஒரு நிமிடமும் போதும்.