பச்சை உடம்பும் புகையும்

பினாங்குத் தமிழர் இல்லங்கள் பலவற்றில், பிள்ளை பெற்றவள் தலை முழுகும் நாளில் இன்றும் சாம்பிராணி மணக்கிறது. நொச்சி இலையிட்டுக் காய்ச்சிய வெந்நீரில் அவளை நீராட்டுவர். ஈரக் கூந்தலைத் தூபக்காலின்மேல் விரித்துக் காயவைப்பர். அதே புகையைக் குழந்தைக்கும் காட்டுவர். இப்பிசின் நமக்கு எதிர்க்கரையாகிய சுமத்திராவில் விளைவது. மலாய்க்காரர் இதனைக் கெமெஞான் என்பர். அரபு வணிகர் 'லுபான் ஜாவி', அதாவது சாவகத்து நறும்பிசின், என்றனர். அப்பெயரே திரிந்து ஐரோப்பிய மொழிகளில் 'பென்சாயின்' ஆயிற்று. பச்சை உடம்புக்குச் சூடு வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. மலாய்க்காரர் 44 நாள் பத்தியம் காப்பர். சீனர் ஒரு திங்கள் காப்பர். நம் வீடுகளில் அச்சூட்டோடு புகையும் சேர்ந்தே வந்துவிட்டது.

மேலை நாட்டு மருத்துவர் புதுத் தாயையும் புகையையும் பற்றிப் பேசும்போது வேறொரு புகையைக் கருதுவர். அந்நாடுகளில் சிகரெட்டுப் பழக்கமுள்ள பெண்டிர் பலர் கருவுற்றதும் அதை விட்டுவிடுகின்றனர். ஆனால் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளை பிறந்த ஓராண்டுக்குள் மீண்டும் தொடங்கிவிடுகின்றனர். உறக்கமின்மை, மனச்சோர்வு, அருகிருந்து புகைக்கும் கணவன் ஆகியவை காரணங்கள். 'பிள்ளைதான் வயிற்றைவிட்டு வந்துவிட்டதே, இனி என்ன கேடு?' என்ற எண்ணமும் ஒன்று.

மலேசியாவில் நிலை வேறு. 2015ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, புகைக்கும் ஆடவர் 100க்கு 43 பேர்; பெண்டிரோ 1.4 பேர்தாம். ஆகவே நம் தாய்மாருள் மிகப் பெரும்பாலோர் புகைப்பவரல்லர். பிறர் விடும் புகையை மூச்சில் வாங்குபவர். இங்கே அறிவுரையைத் தாய்க்குக் கூறுவது முகவரி தவறிய கடிதம் போன்றது என்பது என் கருத்து. எஞ்சிய சிலரின் துன்பமோ தனி. பழிக்கு அஞ்சி அவர்கள் பழக்கத்தை மறைக்கின்றனர். இல்லம் தேடிவரும் தாதியும், மாமியார் பக்கத்தில் அமர்ந்திருக்க, இதனைக் கேட்கத் தயங்குவார். கேட்டாலும் உண்மை வாராது. தனித்து வைத்து, குற்றம் சாட்டும் குரலின்றிக் கேட்டாலன்றி அவருக்கு உதவி கிட்டாது.

பிறர் புகை தீங்கு செய்யுமா என்று ஐயுறுவார்க்கு ஜப்பானிய அறிஞர் ஹிராயாமா விடை கூறினார். புகைக்காத மனைவியர் 91,540 பேரை 14 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, புகைக்கும் கணவரையுடையார்க்கு நுரையீரற் புற்றுநோய் மிகுதி என்று 1981இல் வெளியிட்டார். சிசுவுக்கு வரும் கேடோ புற்றுநோயைப்போல் ஆண்டுக்கணக்கில் காத்திராது. மார்ச்சளியும் காதுநோயும் விரைவில் வரும். உறக்கத்திலேயே காரணம் புலப்படாமல் குழந்தை இறக்கும் கொடுமையும் புகை சூழ்ந்த வீடுகளில் மிகுதி. புகைத்துவிட்டு வந்தவரின் சட்டையிலும் நச்சு தங்கும். குழந்தையைத் தூக்குமுன் கைகழுவிச் சட்டை மாற்றுதல் நன்று. புகைப்பவர் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுத்தலும் ஆகாது.

தாயே புகைப்பவளாயின் நிக்கோட்டின் தாய்ப்பாலிலும் சேரும். பால் சுரப்பும் குறையும். அதற்காகப் பாலூட்டுவதை நிறுத்திவிடலாகாது. அப்போதும் தாய்ப்பாலே மேல் என்பது மருத்துவர் துணிபு. பாலில் கலந்த நிக்கோட்டின் ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்று மிகுதியான பொழுதில் பாதியாகக் குறையும். ஆதலின் உடனே விடமுடியாதவள், பாலூட்டுமுன் புகைப்பதையாவது தவிர்க்கலாம். செரிமானத்துக்கெனத் தரும் வெற்றிலையோடு ஒரு துணுக்குப் புகையிலை சேர்ந்தாலும், புகையே இல்லாமல் அந்நஞ்சு பாலுக்குள் வந்துவிடும். பாட்டிமார் இதனை அறிதல் வேண்டும்.

சட்டம் எவ்வளவு துணைசெய்யும்? 2019 சனவரி முதல் உணவகங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. புகைபொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நாசிக் கண்டார் கடையில் சிகரெட்டுப் பற்றவைத்தால் தண்டம் உண்டு. தொட்டில் கட்டிய அறையில் பற்றவைத்தால் கேட்பாரில்லை. 2023 முதல் தனியார் துறையிலும் மகப்பேற்று விடுப்பு 98 நாளாயிற்று. தந்தைக்கும் 7 நாள் விடுப்பு உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏழு நாளும் வரவேற்பறையில் அமர்ந்து புகைப்பதற்காயின், அவர் வேலைக்குப் போயிருப்பதே பிள்ளைக்கு நலம்! அரசாங்கச் சுகாதார நிலையங்களில் புகைப்பழக்கத்தை விடத் துணைபுரியும் பிரிவுகள் உள்ளன. மனைவி கருவுற்றிருக்கும்போதே கணவர் அங்குச் செல்வது நல்லது. பிள்ளை பிறந்தபின் இரவெல்லாம் விழித்துக்கொண்டு பழக்கத்தோடும் போராடுவது கடினம்.

சாம்பிராணிக்கு மீண்டும் வருவோம். அதன் மணம் வேறாயினும் புகை புகைதான். கரியில் எரியும்போது எழும் நுண்துகள் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. வழக்கத்தை விட மனமில்லாதார், பலகணி திறந்த வேறோர் அறையில் தூபமிட்டுப் புகை அடங்கியபின் தாயை அங்கு அழைத்துச் செல்லலாம். கூந்தலைத் துண்டால் துவட்டி வெயிலில் உலர்த்தலாம். பினாங்கில் வெயிலுக்கா பஞ்சம்?