ஏழாவது வளையத்தைப் பாருங்கள்

"ஐப்பசி மழை பிடித்தால் போதும், குளியலறைச் சுவரெல்லாம் ரயில் பூச்சி. சிலது பெருசு, சிலது சிறுசு. சிறுசெல்லாம் குட்டியா?" என்று திருவொற்றியூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

குட்டியாக இருக்கலாம், ஆணாகவும் இருக்கலாம். ரயில் பூச்சி எனும் மரவட்டைகளில் பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் உடல் பெரிது. முட்டைகளைச் சுமக்க இடம் வேண்டுமே! ராயபுரத்தில் சரக்கு ரயிலுக்குப் பெட்டி கோப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மரவட்டை வளர்வதும் அப்படித்தான். தோலுரிக்க உரிக்க, வால் பக்கம் புது வளையங்கள் சேரும். 2021-இல் உலகுக்கு அறிமுகமான ஆஸ்திரேலிய இனம் யூமிலிபஸ் பெர்செபோனி. அதில் ஒரு பெண்ணுக்கு 1,306 கால்கள். ஆராய்ந்த ஆண்களிலோ அதிகபட்சமே 818.

பருவம் வந்த ஆணைக் கண்டுபிடிக்கத் தலையிலிருந்து ஏழாவது வளையத்தைப் பாருங்கள். நம் வீட்டுச் சுவரில் ஊரும் உருளை வகைகளில், அங்கே கால் வரிசை விட்டுப்போனது போலத் தெரியும். எட்டாவது, ஒன்பதாவது ஜோடிக் கால்கள் இருக்கவேண்டிய இடம் அது. இளமையில் நடக்கப் பயன்பட்டவை, பருவத்தில் இனச்சேர்க்கைக் கருவியாக மாறி உள்ளே ஒடுங்கிவிடுகின்றன. விந்து வெளிவருவதோ இரண்டாவது ஜோடிக் காலருகே! அதை இந்தக் கருவியில் ஏந்தித்தான் ஆண் பெண்ணிடம் சேர்க்கிறது. இனத்துக்கு இனம் இதன் வடிவம் மாறும். அறிஞர்கள் இனம் பிரிப்பதும் பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

பூச்சிகளின் தோலில் உள்ள மெழுகுப் பூச்சு பெரும்பாலான மரவட்டைகளுக்கு இல்லை. மூச்சுத் துளைகளை மூடவும் முடியாது. அதனால் ஈரம்தான் உயிர். காசிமேட்டில் நெத்திலி சீக்கிரம் காய்ந்துவிடும், பெரிய மீனுக்கு நாளாகும். சிற்றுடலுக்கும் பேருடலுக்கும் இங்கேயும் அதே கணக்கு. ஆண், பெண் அளவு வேறுபாட்டுக்கும் மழைக்கும் உள்ள உறவைத் தென்னாப்பிரிக்க மரவட்டைகளில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

எண்ணூர்ப் பக்கம் சாம்பல் படிந்த மண்ணையும், நாம் சிமென்ட் பூசி மூடிய முற்றங்களையும் பார்க்கும்போது மனம் கனக்கிறது. சருகைத் தின்று மண்ணுக்கு உரமாக்கும் உயிருக்குச் சருகும் இல்லை, மண்ணும் இல்லை. பிறகு சுவரேறாமல் அது எங்கே போகும்?

இந்த மழைக்கு அதன் மேல் உப்பைக் கொட்டாதீர்கள். அது கடிக்காது. உடலில் கசியும் நீர் கண்ணில் பட்டால் எரியும் என்பதால் கையால் தொடாமல், முறத்தில் வாரி மரத்தடிச் சருகில் விட்டுவிடுங்கள். அந்தச் சருகையும் கொளுத்தாதீர்கள்.