ஒரே இடத்தில் திரும்பும் நிமோனியா

மஸ்கட்டின் ரூவி ஹை ஸ்ட்ரீட்டை ஒட்டிய குடியிருப்புகளில் வாழும் நம்மவர்கள், குழந்தைக்கு இருமலும் காய்ச்சலுமாக நிமோனியா கண்டால், ஏ.ஸி. காற்றையும் புழுதியையும் குறைகூறி, ஆன்டிபயாட்டிக் மருந்தோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அதுவே போதுமானதும்கூட. ஆனால் நிமோனியா ஒவ்வொரு தடவையும் மார்பின் அதே பாகத்தில், விசேஷமாக இடப்புறத்து அடிப்பாகத்தில், தோன்றுமானால், தோஷம் பிறவியிலேயே இருக்கக்கூடும் என்று சந்தேகிப்பது அவசியம்.

அத்தகைய குறைகளுள் ஒன்றுக்கு 1946-இல் பிரைஸ் என்னும் மருத்துவர் ‘சீக்வெஸ்ட்ரேஷன்’ என்று பெயரிட்டார். சுவாசக் குழாயோடு முறையான தொடர்பின்றி ஒதுங்கிக் கிடக்கும் நுரையீரல் துண்டு அது. நுரையீரல் தமனியிலிருந்து ரத்தம் பெறாமல், மகா தமனியின் தனிக் கிளையொன்றினால், சிலருக்கு வயிற்றுக்குள்ளிருந்து உதரவிதானத்தைக் கடந்து மேலேறும் கிளையினால், போஷிக்கப்படுவதே அதன் விபரீதம். அக்கிளையை அறியாமல் சஸ்திர சிகிச்சை செய்தால், அறுபட்ட குழாய் உதரவிதானத்துக்குக் கீழே சுருங்கி மறைந்து, பிராணாபாயமான ரத்தப்பெருக்கு உண்டாகலாம்.

சாதாரண எக்ஸ்ரேயில் இது வெறும் நிழலாகவே தெரியும். மருந்து செலுத்தாத ஸி.டி. ஸ்கேனிலும் ரத்தக் குழாயும் சதையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். எக்ஸ் கதிர்களை மிகுதியாகக் கிரகிக்கும் அயோடின் கலந்த மருந்தைக் கைச் சிரையில் ஏற்றி, அது இருதயத்தையும் நுரையீரலையும் சுற்றி மகா தமனியை அடையும் அந்தச் சில விநாடிகளில் படம் பிடித்தால், ஒளிந்திருந்த கிளை வெண்மையாகத் துலங்கும். முன்பு தொடை வழியே தமனிக்குள் குழல் செலுத்தித் தேடியதை, இன்று கையில் ஓர் ஊசியோடு முடிக்கிறார்கள் என்பதை நான் மருத்துவத்தின் பெருங்கருணையாகவே கருதுகிறேன்.

கதிர்வீச்சைப் பற்றிய பெற்றோரின் அச்சம் நியாயமானது. ஆனால் குழந்தையின் எடைக்கேற்ப ஸ்கேன் கருவியின் மின்னழுத்தத்தைக் குறைத்து, ஒரே முறை எடுத்தால் பெரும்பாலும் போதும். மின்னழுத்தம் குறையும்போது அயோடின் மேலும் பிரகாசிக்கவே செய்கிறது. சிறுநீரகக் கோளாறோ, முன்பு இம்மருந்தினால் ஒவ்வாமையோ இருந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மஸ்கட்டில் எடுத்த படத்தை அங்கேயே விட்டுவிட்டு, திருச்சிக்கோ சென்னைக்கோ வந்தபின் குழந்தையை மறுபடியும் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது தவிர்க்கக்கூடிய தீங்கு. ஆகவே, ஊருக்குப் புறப்படும் பெற்றோர்கள் எழுத்து ரிப்போர்ட்டோடு நில்லாமல், முழுப் படங்களும் பதிந்த குறுந்தட்டையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக்கொண்டு விமானம் ஏற வேண்டும்.