அலி பொம்மைக்கு 1,300 வெள்ளி தகுமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பெட்டாலிங் ஜெயா – கம்போங் மேடான் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவர் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறார். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த அவருடைய அப்பா, குத்துச்சண்டை வீரர் முகமட் அலியின் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் இளைஞரின் கைப்பேசிக்கு ஒரு படம் வருகிறது. கண்ணாடிப் பேழைக்குள் அலி நிற்கிறார். சிவப்புக் கையுறை, பளபளக்கும் கால்சட்டை, நெற்றியில் வியர்வை கூடத் தெரிகிறது. விலை 1,300 வெள்ளி. “தம்பி, இன்னும் ரெண்டு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க, இன்னிக்கே சொல்லணும்” என்கிறார் விற்பவர்.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. அந்தக் கணக்கில் இந்தப் பொம்மையின் விலை ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால் பங்குக்கும் மேல். அவ்வளவு பணம் கொடுப்பதற்கு முன் அதன் உண்மையான மதிப்பை எப்படித் தெரிந்துகொள்வது?

ஆறில் ஒரு பங்கு என்றால் என்ன?

உண்மையான மனிதரின் உயரத்தை ஆறால் வகுத்துச் செய்யப்படும் பொம்மைகளைச் சேகரிப்பாளர்கள் ‘ஆறில் ஒன்று’ என்கிறார்கள். இவை ஏறக்குறைய ஓர் அடி உயரம் இருக்கும். கை, கால், கழுத்து, இடுப்பு எல்லாவற்றிலும் மூட்டுகள் உண்டு. உடைகளைத் துணியில் தைத்துப் போட்டிருப்பார்கள். மாற்றிப் பொருத்த வெவ்வேறு கைகளும் கூட வரும். அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் 1964-இல் ‘ஜி.ஐ. ஜோ’ என்ற படைவீரர் பொம்மையை இந்த அளவையொட்டி வெளியிட்டது. பின்னாளில் ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ், என்டர்பே போன்ற நிறுவனங்கள் இதைப் பெரியவர்கள் சேகரிக்கும் பொருளாக வளர்த்தன. மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட் போன்ற கூடைப்பந்து நட்சத்திரங்களை இந்த அளவில் செய்து பெயர் வாங்கியது என்டர்பே.

அளவு சரியா என்று பார்க்கப் பள்ளிப்பிள்ளையின் அடிக்கோல் போதும். அலியின் உயரம் 191 சென்டிமீட்டர். அதை ஆறால் வகுத்தால் சுமார் 32 சென்டிமீட்டர் வரும். ஜோர்டனின் உயரம் 198 சென்டிமீட்டர் என்பதால் அவருடைய பொம்மை 33 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். விற்பவர் காட்டும் ‘அலி’ 23 அல்லது 24 சென்டிமீட்டர்தான் என்றால் அது வேறு ரகம். அமெரிக்காவின் மீகோ நிறுவனம் 1976-இல் 9 அங்குல அலி பொம்மை ஒன்றை வெளியிட்டது. அதைத் தேடுகிற சேகரிப்பாளர்கள் உண்டு. ஆனால் அதன் விலைக் கணக்கு வேறு, இதன் விலைக் கணக்கு வேறு.

எந்த ஆண்டின் அலி?

முகம் ஒத்திருக்கிறதா என்றுதான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, இது எந்த ஆண்டின் அலி என்பது. 1964 பிப்ரவரியில் சோனி லிஸ்டனை வென்றபோது அவருக்கு வயது 22. அப்போது அவர் பெயர் கேஷியஸ் கிளே. 1975-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னருடன் மோதியபோது வயது 33. அந்த ஆட்டம் 15 சுற்றுகள் நடந்து, நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பில் அலி வென்றார். உலக ஹெவிவெயிட் பட்டத்தையும் தக்கவைத்துக்கொண்டார். மூன்று மாதங்களில் மணிலாவில் ஜோ பிரேசியரைச் சந்தித்தார்.

22 வயதின் மெலிந்த இடுப்பும் 33 வயதின் கனத்த தோளும் ஒன்றல்ல. பெட்டியில் 1964 என்று எழுதிவிட்டு உள்ளே நடுவயது உடம்பை வைத்திருந்தால், தயாரித்தவர் அக்கறையாகச் செய்யவில்லை என்று பொருள். கோலாலம்பூர் ஆட்டத்தின் பழைய படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. பொம்மை எந்த ஆட்டத்தைக் காட்டுவதாகச் சொல்கிறதோ, அந்த ஆட்டத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துக் கால்சட்டையின் நிறம், இடுப்புப் பட்டை, காலணி ஆகியவற்றை ஒப்பிட வேண்டும்.

முகம், தோல், தையல்

அடுத்தது முகம். நேராகப் பார்த்தால் எல்லாப் பொம்மையும் ஓரளவு ஒத்திருக்கும். பக்கவாட்டிலும் கீழிருந்து மேலாகவும் பார்க்கும்போதுதான் மூக்கும் தாடையும் உண்மையைச் சொல்லும். இரண்டு கண்களும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா, உதட்டு வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

தலை ஒருவகை பிளாஸ்டிக்கிலும் உடம்பு இன்னொரு வகை ரப்பரிலும் செய்யப்படுவதால் இரண்டின் தோல் நிறமும் பொருந்தாமல் போவதுண்டு. சட்டையில்லாமல் நிற்கும் குத்துச்சண்டை வீரரிடம் இந்தக் குறையை மறைக்க இடமில்லை. கழுத்தில் வெட்டு விழுந்ததுபோல் தெரியும். கடை விளக்கு மஞ்சளாக இருந்தால், பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றைக் கேட்டுப் பெறுவது நல்லது.

துணியும் முக்கியம். நம் சட்டையில் இருக்கிற அதே பெரிய தையலை ஓர் அடி உயரப் பொம்மைக்குப் போட்டால் கால்சட்டை கோணிப்பையாகத் தெரியும். நல்ல தயாரிப்பில் தையல் நெருக்கமாகவும் துணி மெல்லியதாகவும் இருக்கும்.

நம் ஊர் வெயிலும் ஈரமும்

வெளிநாட்டில் எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் புதுப் பெட்டியைத் திறந்த அன்றைய நிலையைச் சொல்பவை. பழைய பொம்மையை வாங்குபவர், அது நம் நாட்டு வெப்பத்தில் ஐந்தாறு ஆண்டுகள் எப்படி இருந்தது என்றும் பார்க்க வேண்டும்.

செயற்கைத் தோலில் செய்த காலணியும் இடுப்புப் பட்டையும் காற்றின் ஈரத்தால் மெல்லச் சிதையும். முதலில் ஒட்டும், பிறகு செதில் செதிலாக உரியும். இதைச் சரிசெய்ய வழியில்லை. மாற்றுப் பாகம்தான் வாங்க வேண்டும். மூட்டு தெரியாமலிருக்க ரப்பர் தோல் போர்த்திய உடம்புகளில் வேறொரு சிக்கல் உண்டு. முழங்கையை மடக்கிக் குத்துவிடும் நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தால் மடிப்பில் ரப்பர் விரிசல் விடும். ஆகவே விற்பவரிடம் முழங்கை, அக்குள், முழங்கால் ஆகிய இடங்களை நெருக்கத்தில் படமெடுத்துக் கேட்க வேண்டும். அடர்நிறத் துணியின் சாயம் தோலில் இறங்கியிருக்கிறதா என்று கால்சட்டையைச் சற்றுத் தூக்கிப் பார்க்க வேண்டும். மென்மையான பிளாஸ்டிக்கிலிருந்து எண்ணெய் கசிந்து பிசுபிசுப்பதும் உண்டு.

‘பெட்டி பிரிக்கவே இல்லை’ என்பது உத்தரவாதம் ஆகாது. பிரிக்காத பெட்டிக்குள்ளும் காலணி உரிந்திருக்கலாம். பார்க்க முடியாத பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

அசலா, நகலா?

அசல் தலையை அச்சாக வைத்து வார்த்தெடுக்கும் நகல்கள் சந்தையில் உலவுகின்றன. நகலில் காது மடல், புருவம், முடி போன்ற நுணுக்கமான இடங்கள் மழுங்கியிருக்கும். பெட்டியின் அச்சு மங்கலாக இருக்கும். எழுத்துப் பிழையும் காணலாம். அலியின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமையை ‘முகமட் அலி எண்டர்பிரைசஸ்’ என்ற நிறுவனம் கவனிக்கிறது. உரிமம் பெற்ற தயாரிப்பாளர் பெட்டியில் உரிமை வாசகத்தை அச்சிடுவது வழக்கம். அந்த வாசகமே இல்லாத பெட்டியைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

பெட்டி, நிறுத்தும் தாங்கி, மாற்றுக் கைகள், கூடுதல் உடை என்று எதெல்லாம் முதலில் வந்தன என்பதைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு சரிபார்க்க வேண்டும். சின்னக் கை ஒன்று காணாமல் போனாலும் விலை இறங்கும்.

விலையைக் கணக்கிடுவது எப்படி?

நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோனால் எடை உண்டு, மாற்று உண்டு, அன்றைய தங்க விலை உண்டு. பொம்மைக்கு இவை எதுவும் கிடையாது. உருக்கினால் கிடைப்பது பிளாஸ்டிக்தான். வாங்க ஆள் இருக்கும் வரைதான் அதற்கு விலை.

விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்ப்பதைவிட, அதே பொம்மை அண்மையில் எவ்வளவுக்கு விற்று முடிந்தது என்று பார்ப்பதே சரி. உதாரணத்திற்கு, முழுமையான பொம்மை மூன்று முறை 1,050, 1,100, 1,200 வெள்ளிக்குக் கைமாறியது என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ள 1,100-ஐ அடிப்படையாக எடுக்கலாம். நமக்குக் காட்டும் பொம்மையில் ஒரு சோடிக் கையுறை இல்லை, வாங்க 150 வெள்ளி ஆகும். முழங்கையில் விரிசல், மாற்று உடம்புக்கு 200 வெள்ளி. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 750 வெள்ளி. கேட்பதோ 1,300.

விளையாட்டாளர் காலமானால் விலை ஏறும் என்ற எண்ணமும் உண்டு. கோபி பிரையன்ட் 2020 ஜனவரியில் விபத்தில் மாண்டபோது அவர் தொடர்பான பொருள்களை வாங்கப் பலர் முண்டியடித்தார்கள். அப்படிப்பட்ட வேளையில் வாங்குபவர், துக்கத்தோடு சேர்த்து உச்ச விலையையும் சுமக்கிறார். தயாரிப்பாளரே மறுபதிப்பு வெளியிட்டால் பழைய பொம்மையின் விலை சரியவும் கூடும். சேமிப்பாக நினைத்துக் கடன் வாங்கி வாங்குவதற்கு ஏற்ற பொருள் இதுவல்ல.

எங்கே வாங்குவது, எங்கே முறையிடுவது?

கம்போங் மேடான்வாசிகளுக்குத் தொலைவில்லாத இடம் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால். அங்கே வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையில் பொம்மைகளும் வரும். கையில் எடுத்துப் பார்க்கலாம், பேரம் பேசலாம் என்பது பெரிய வசதி.

வெளிநாட்டிலிருந்து இணையம்வழி தருவித்தால் வரியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காட்டு விற்பனை வரி உண்டு. 450 வெள்ளிப் பொருளுக்கு 45 வெள்ளி கூடும். அதற்கு மேற்பட்ட விலையென்றால் சுங்கத்துறையின் கணக்கு வேறு. மொத்தச் செலவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சமூக ஊடகத்தில் முன்பணம் கேட்பவரின் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். பணம் அனுப்பிய பிறகு மோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணுக்கு அழைத்து, காவல்துறையில் புகார் செய்ய வேண்டும்.

அசல் என்று சொல்லி நகலை விற்ற வியாபாரி மீது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். பணத்தைத் திரும்பப் பெற மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். கட்டணம் 5 வெள்ளி. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் இந்த வழி வியாபாரம் செய்பவருக்கு எதிரானது. தம் சொந்தச் சேகரிப்பிலிருந்து ஒன்றை விற்கும் தனியாளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். எதுவாயினும் ரசீது, உரையாடல், படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

அப்பாவின் பெட்டியில் என்ன இருக்கிறது?

கம்போங் மேடான் இளைஞர் அந்தப் பொம்மையை 750 வெள்ளிக்குப் பேசி முடித்தால், அல்லது விற்பவர் இறங்கி வராததால் விட்டுவிட்டால், இரண்டுமே நல்ல முடிவுதான். அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்க வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கினால் அதில் தவறில்லை.

ஆனால் அதற்கு முன் அவர் அப்பாவிடம் ஒன்று கேட்கலாம். 1975-இல் மெர்டேக்கா அரங்கில் வாங்கிய நுழைவுச்சீட்டோ நிகழ்ச்சி நிரலோ வீட்டில் எங்காவது இருக்கிறதா? 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்ற டாக்டர் எம். ஜெகதீசன், அதே போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்ற எம். ராஜாமணி, ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்ட கோல்காவலர் ஆர். ஆறுமுகம் ஆகியோரின் கையெழுத்தோ படமோ தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பழைய தகரப் பெட்டியில் கிடக்கலாம். தொழிற்சாலையில் வார்த்த பொம்மையை மறுபடி வார்க்க முடியும். அந்தக் காகிதத்தை மறுபடி அச்சிட முடியாது. கிடைத்தால் பிளாஸ்டிக் உறைக்குள் சூடுவைத்து ஒட்டிவிட வேண்டாம், அது மதிப்பைக் கெடுத்துவிடும். அமிலமில்லாத காகித உறையில், வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும். அது யாருடையது, எப்போது, எப்படிக் கிடைத்தது என்பதை அப்பா சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, கூடவே வைத்துவிட வேண்டும்.